"அணை உடைஞ்சிருச்சாம்!" – செல்போன் படத்தால் பரவும் பீதி: குட்டை உடைக்க 3 கேள்விகள்

தேனி,

மலையில் மழை கொட்டினால் முல்லைப்பெரியாறு அணையில் தண்ணீர் ஏறும். அணையில் தண்ணீர் ஏறினால் செல்போனில் புரளி ஏறும். கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் பல வருடமாகப் பார்த்துவரும் கூத்து இது.

பஸ் நிலையத்திலோ டீக்கடையிலோ ஒருவர் போனை நீட்டுவார். "அண்ணே, பாத்தீங்களா? அணை உடைஞ்சிருச்சாம்ல!" என்பார். படத்தில் வெள்ளம் சுவரைப் பிளந்துகொண்டு சீறிப் பாயும். பார்த்தவர் பதறிப்போய் தனக்குத் தெரிந்த பத்து பேருக்கு அதைத் தட்டிவிடுவார். அந்தப் பத்து பேரும் ஆளுக்குப் பத்து பேருக்கு அனுப்புவார்கள். டீ ஆறுவதற்குள் ஊரே பேசும்.

ஆனால் அந்தப் படம் எந்த ஊரில் எடுத்தது? என்றைக்கு எடுத்தது? எடுத்தது யார்? இதை மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்த 3 கேள்விகளையும் கேட்டால் பெரும்பாலான பொய்ப் படங்களின் குட்டு அங்கேயே உடைந்துவிடும். அதன் விவரம் வருமாறு:-

ஜீப் நின்றால் கூலி இல்லை

வெறும் பொழுதுபோக்குப் புரளி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வயிற்றுப்பாடு இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

தினமும் விடியற்காலையில் கம்பம், கூடலூர், போடி பகுதிகளில் இருந்து கூலித் தொழிலாளர்கள் ஜீப் ஏறி இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். இவர்களில் பெண்கள் அதிகம். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைப்பாதைகள்தான் இவர்களுக்கு வழி. கேரளாவுக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் லாரிகளும் இதே பாதைகளில்தான் போகின்றன. எல்லையில் ஒரு கல் விழுந்தால் போதும், ஜீப் நின்றுவிடும். அன்றைய கூலி போச்சு!

2011-ம் ஆண்டு டிசம்பரில் இதுதான் நடந்தது. அணைப் பிரச்சினையில் இரு மாநில எல்லையும் கொந்தளித்தது. தோட்டங்களில் வேலை பார்த்த தமிழர்கள் மூட்டை முடிச்சுடன் மலையிறங்கி வந்தார்கள். கம்பம், கூடலூர் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் குமுளியை நோக்கித் திரண்டார்கள். 144 தடை உத்தரவு போடப்பட்டது. எல்லையில் போக்குவரத்து நின்றது.

அதற்கு முந்தைய மாதம்தான் 'டேம் 999' என்ற சினிமா வெளிவந்தது. பழைய அணை ஒன்று உடைவதாகக் கதை. 1975-ம் ஆண்டு சீனாவில் பாங்கியாவ் அணை உடைந்ததை வைத்துப் பின்னப்பட்ட கற்பனை அது. படத்தில் வந்த வெள்ளம் கம்ப்யூட்டர் ஜாலம். தமிழ்நாட்டில் அந்தப் படத்துக்குத் தடை விதிக்கப்பட்டது.

அப்போது அப்படி ஒரு காட்சியை உண்டாக்க சினிமா கம்பெனியும் பெரும் பணமும் வேண்டியிருந்தது. இன்றைக்கு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு செல்போனிலேயே அணையை உடைக்கிறார்கள்!

முதல் கேள்வி: எந்த ஊர்?

"அணை உடைந்தது, கம்பம் பள்ளத்தாக்கு மூழ்கியது" என்று படம் வந்தால் கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் வேண்டாம். பூகோளம் போதும்.

முல்லைப்பெரியாறு அணை இருப்பது மலைக்கு அந்தப் பக்கம். 1895-ம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட அணை அது. பெரியாறு இயற்கையாக ஓடுவது மேற்கு நோக்கி. வண்டிப்பெரியாறைத் தாண்டி இடுக்கி அணைக்குப் போய், கடைசியில் அரபிக்கடலில் கலக்கும். அந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, சுரங்கம் வழியாகத்தான் தண்ணீரைக் கிழக்கே திருப்பினார் கர்னல் பென்னிகுயிக். இந்தப் பக்கம் வரும் தண்ணீர் 4 ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர்கேம்ப் மின் நிலையத்தைச் சுற்றவைத்து, பிறகு முல்லையாறாகப் பள்ளத்தாக்குக்குள் வருகிறது. பள்ளத்தாக்கில் 14 ஆயிரத்து 707 ஏக்கர் இருபோக நெல் விளைவது இந்தத் தண்ணீரால்தான்.

அணையின் நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கத்துக்குத் தண்ணீர் எட்டாது. அணையே போய்விட்டால்? கம்பத்தில் வெள்ளம் வராது, வாய்க்கால் வறண்டுபோகும். வெள்ளத்துக்குப் பயப்பட வேண்டியவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் ஆற்றோரம் குடியிருக்கும் ஜனங்கள். அவர்கள் பயம் அவர்களுக்கு. பொய்ப் படம் போடுகிற ஆசாமி அங்கே உயிர்ப் பயத்தையும், இங்கே "தண்ணியை நிறுத்திருவாங்களோ" என்ற பயத்தையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடுகிறான்.

மழைக் காலத்தில் முல்லையாறு பெருகுவதும், சுருளி, கும்பக்கரை அருவிகளில் குளிக்கத் தடை விழுவதும் நிஜம். அந்த வெள்ளப் படத்தை எடுத்து "அணை உடைந்தது" என்று தலைப்புப் போட்டால் படம் நிஜம், சேதி பொய்!

அணைக்கும் அங்க அடையாளம் உண்டு

காணாமல் போனவரைத் தேடும்போது போலீசார் அங்க அடையாளம் கேட்பார்கள். அணைக்கும் அப்படி உண்டு.

முல்லைப்பெரியாறு அணை கல்லாலும் சுண்ணாம்புச் சுர்க்கியாலும் கட்டிய பழைய சுவர். நீளம் சுமார் 1,200 அடி. உபரி நீர் வெளியேறும் மதகுகள் 13. அந்த மதகுகள் பெரிய சுவரின் நடுவில் இல்லை. ஒதுங்கித் தனியாக இருக்கின்றன. ஆகவே உயரமான சிமெண்ட் சுவரின் நடுவில் ராட்சத ஷட்டர்கள் திறந்து தண்ணீர் பாய்ந்தால், அது வேறு ஏதோ அணை.

இரண்டு மலைகளுக்கு நடுவே வில் மாதிரி வளைந்து நிற்பது இடுக்கி அணை. சுமார் 550 அடி உயரம். அதில் மதகே கிடையாது. மதகுகள் இருப்பது பக்கத்தில் உள்ள செறுதோணி அணையில். ஆண்டிப்பட்டி அருகே இருக்கும் வைகை அணையை இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளோடு பூங்காவுக்குப் போய் வந்தவர்கள் அதன் 7 பெரிய மதகுகளை ஒரே பார்வையில் அடையாளம் சொல்வார்கள். படத்தில் இருப்பது இதில் எது என்று பார்த்தாலே பாதி புரளி செத்துவிடும்.

குரலும் புரளி செய்யும்

2018-ம் ஆண்டு ஆகஸ்டில் கேரளா வெள்ளத்தில் தத்தளித்தது. சுதந்திர தினத்தன்று முல்லைப்பெரியாறு நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது. சரியாக அந்த நேரம் பார்த்து, அணையில் உடைப்பு விழுந்துவிட்டதாக ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் பறந்தது. ஏற்கனவே கூரை மேல் ஏறி நின்றுகொண்டிருந்த ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அது பொய் என்று அரசு தரப்பில் அறிவிக்க வேண்டி வந்தது. போலீசாரும் நடவடிக்கை எடுத்தனர்.

2021-ம் ஆண்டு அக்டோபரில் மறுபடியும் அணையை அகற்றச் சொல்லி கேரளாவில் சமூக வலைதளப் பிரசாரம் கிளம்பியது. நடிகர் பிருத்விராஜும் அப்படிப் பதிவு போட்டார். தேனியில் அவர் கொடும்பாவி எரிந்தது. அணைக்கு ஆபத்து எதுவும் இல்லை, பீதி கிளப்புவோர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அப்போதைய கேரள முதல்-மந்திரி பினராயி விஜயனே சட்டசபையில் அறிவித்தார்.

இரண்டாவது கேள்வி: என்றைக்கு?

மதுரையில் கலைஞர் நூலகம் கட்ட இடம் தேர்வான 2021-ம் ஆண்டில் ஒரு பழைய கட்டடத்தின் படம் சுற்றியது. "இது பென்னிகுயிக் வாழ்ந்த வீடு. இதை இடிக்கப் போகிறார்கள்" என்று சேதி.

பென்னிகுயிக் என்றால் கம்பம் பள்ளத்தாக்கு சும்மா இருக்குமா? வீட்டில் சாமி படத்தோடு அவர் படத்தையும் மாட்டி வைத்திருக்கும் ஊர் இது. பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். லோயர்கேம்பில் அவருக்கு மணிமண்டபம். தேனி பஸ் நிலையத்துக்கு அவர் பெயர். சேதியைக் கேட்டவர்கள் கொதித்தார்கள்.

குட்டை உடைத்தது 2 தேதிகள்தான். பென்னிகுயிக் காலமானது 1911-ம் ஆண்டு மார்ச் 9-ந்தேதி. அந்தக் கட்டடம் கட்டப்பட்டது 1912, 1913-ம் ஆண்டுகளில் என்று பொதுப்பணித்துறை ஆவணம் சொன்னது. இறந்துபோனவர் எப்படிக் குடியேறுவார்? படத்தில் இருந்த கட்டடம் நிஜம். அதன் கீழே எழுதிய வரிதான் பொய்.

யானைக் கழுத்தில் ஓர் அத்தாட்சி

கம்பத்துக்காரர்கள் 2023-ம் ஆண்டு மே 27-ந்தேதியை மறக்க மாட்டார்கள். அரிக்கொம்பன் யானை நகருக்குள் புகுந்து தெருத் தெருவாக ஓடிய நாள். வெளியூர்க்காரர்கள் அந்தப் படங்களைப் பார்த்தபோது சினிமா காட்சியோ என்று நினைத்திருக்கலாம். ஆனால் அத்தனையும் நிஜம். யானை தாக்கிக் காயமடைந்த ஒருவர் பிறகு இறந்துபோனார். ஆகவே வருவதெல்லாம் பொய் என்று அலட்சியமாக இருப்பதும் ஆபத்துதான்.

அப்படியானால் அன்றைய படத்தையும் பழைய படத்தையும் பிரிப்பது எப்படி? யானையின் கழுத்தைப் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரல் 29-ந்தேதி சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தபோதுதான் அதற்கு ரேடியோ காலர் மாட்டினார்கள். கம்பத்துக்குள் ஓடிய யானையின் கழுத்தில் அது இருந்தது. காலர் இல்லாத யானைப் படத்தைக் காட்டி "கம்பத்தில் அரிக்கொம்பன்" என்று சொன்னால், ஒன்று அது பழைய படம், அல்லது வேறு யானை.

ஜூன் 5-ந்தேதி யானையைப் பிடித்து களக்காடு முண்டந்துறை காட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிறகும் புரளி ஓயவில்லை. "யானை இளைச்சுப் போச்சு", "செத்தே போச்சு" என்று சேதிகள் பறந்தன. அது புல் தின்னும் படங்களை வனத்துறையே வெளியிட்டு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

நிஜப் படம் எடுக்கும் ஆசையும் சில நேரம் வினையாகிவிடும். கம்பத்தில் யானைக்கு மேலே டிரோன் பறக்கவிட்டதால் அது மிரண்டு ஓடியது. பறக்கவிட்ட வாலிபர் மீது நடவடிக்கை பாய்ந்தது.

மூன்றாவது கேள்வி: எடுத்தது யார்?

மோட்டார் சைக்கிளில் வரும் 2 பேர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். 2018-ல் இந்தியா முழுவதும் சுற்றிய வீடியோ இது. பார்த்த தாய்மார்கள் துடித்துப் போனார்கள்.

உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில் எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அந்த 2 பேரும் திரும்பி வந்து பையனை இறக்கிவிட்டு, குழந்தைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அட்டை ஒன்றைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். நல்லதுக்கு எடுத்த படம் கொலைக்குக் காரணமான புரளிகளில் ஒன்றாகிவிட்டது.

அந்த ஆண்டு மே 9-ந்தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், கோவிலுக்குப் போக உறவினர்களோடு காரில் வந்த சென்னையைச் சேர்ந்த 65 வயது அம்மாள், வழியில் விளையாடிய குழந்தைகளுக்கு சாக்லெட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் என்று கூட்டம் கூடி அடித்ததில் அவர் உயிர் போய்விட்டது. அடித்தவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தான். வாட்ஸ்அப்பில் வந்த சேதியை நம்பியவர்கள்.

2023-ம் ஆண்டு மார்ச்சில் இன்னொரு புரளி. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்வதாக வீடியோக்கள் பரவின. ரெயில் நிலையங்களில் கூட்டம் அலைமோதியது. அந்த வீடியோக்கள் பொய் என்று அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு விளக்கினார். ஒன்றில் அடித்துக்கொண்டவர்கள் பீகார்க்காரர்களே. இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்த மோதல். கட்டுப் போட்ட முகங்களோடு தொழிலாளர்கள் அழும் இன்னொரு வீடியோ பாட்னாவிலேயே நாடகமாக எடுக்கப்பட்டது என்று பீகார் போலீசார் கூறினர்.

இந்த வீடியோக்களை எடுத்தவர் யார் என்று முதல் ஆள் கேட்டிருந்தால் பிரச்சினை அங்கேயே நின்றிருக்கும்.

கழுத்தோரக் கோடு இப்போது இல்லை

படத்தைத் திருத்துவது புதிது அல்ல. அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர் நெகட்டிவில் பென்சில் பிடித்து 'டச்சப்' செய்வார். அம்மைத் தழும்பு மறைந்துவிடும். கல்யாணத்துக்கு வராத சித்தப்பாவின் தலையை வெட்டி குரூப் போட்டோவில் ஒட்டியும் கொடுப்பார். கூர்ந்து பார்த்தால் கழுத்தோரம் ஒரு கோடு தெரியும்.

ஏ.ஐ. என்கிற செயற்கை நுண்ணறிவு அந்தக் கோட்டையும் அழித்துவிட்டது. என்ன படம் வேண்டும் என்று நாலு வரி எழுதினால் போதும், நடக்காத வெள்ளமும் பிறக்காத மனிதனும் சில நொடியில் தயார். இன்னமும் சில படங்களில் கடைப் பெயர்ப்பலகையின் தமிழ் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். கைவிரல் 6 இருக்கும். நிழல் தப்பான பக்கம் விழும். ஆனால் இந்தத் தவறுகள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன. விரலை எண்ணிப் பார்த்து 5 இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

கேரள மாநிலம் கோழிக்கோட்டில் 2023-ம் ஆண்டு ஜூலையில் நடந்த மோசடியே சாட்சி. ஓய்வு பெற்ற ஒருவருக்கு, முன்பு கூட வேலை பார்த்த நண்பர் வீடியோ காலில் வந்தார். அதே முகம், அதே குரல். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அவசரம் என்று கேட்டார். இவர் ரூ.40 ஆயிரத்தை அனுப்பிவிட்டார். மறுபடியும் பணம் கேட்டபோதுதான் சந்தேகம் வந்து, தன்னிடம் இருந்த பழைய நம்பரில் நண்பரைக் கூப்பிட்டார். "நான் உங்களுக்கு போனே பண்ணலையே!" என்பதுதான் பதில். முகமும் குரலும் ஏ.ஐ. போட்ட வேஷம்.

போனில் வருபவர் மகனே ஆனாலும் பணம் கேட்டால் இணைப்பைத் துண்டித்துவிட்டு, தெரிந்த நம்பரில் நாமே கூப்பிட வேண்டும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் சொல்ல வேண்டும்.

செல்போனிலேயே மருந்து

பொய்யைக் கொண்டுவரும் போனிலேயே அதைப் பிடிக்கும் வழியும் இருக்கிறது.

'கூகுள் லென்ஸ்' என்ற வசதியில் படத்தைக் கொடுத்தால், அதே படம் இதற்கு முன்பு இணையத்தில் எங்கெங்கே வந்திருக்கிறது என்று காட்டும். "நேற்று கம்பத்தில் எடுத்தது" என்று வரும் படம் 5 வருடத்துக்கு முன்பு வேறு நாட்டில் வந்திருந்தால் ஆள் அகப்பட்டான்! வீடியோவாக இருந்தால் ஓர் இடத்தில் நிறுத்தி, ஸ்கிரீன் ஷாட் எடுத்து அதைக் கொடுக்கலாம். ஒன்றும் அகப்படவில்லை என்பதற்காக அது நிஜம் என்று அர்த்தம் இல்லை. புதிதாகச் செய்த பொய்யாகவும் இருக்கலாம்.

வாட்ஸ்அப்பில் ஒரு சேதிக்கு மேலே இரட்டை அம்புக்குறி தெரிந்தால் அது பல கை மாறி வந்த சரக்கு. 2018-ல் நடந்த கொலைகளுக்குப் பிறகுதான், ஒரு சேதியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. பல கை மாறிய சேதியை 2020-ல் இருந்து ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் அனுப்ப முடிகிறது. பொய்ச் சேதிகளை விசாரித்துச் சொல்வதற்காக தமிழ்நாடு அரசு 2023-ல் தகவல் சரிபார்ப்பகம் என்ற பிரிவைத் தொடங்கியது.

லென்ஸ் பார்க்கத் தெரியாத பெரியவர்களுக்கு அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கில் லோயர்கேம்பிலோ குமுளியிலோ சொந்தக்காரர் இல்லாத வீடு குறைவு. "என்னப்பா, அங்கிட்டு எப்படி இருக்கு?" என்று ஒரு போன் போட்டால் அரை நிமிடத்தில் நிலவரம் தெரிந்துவிடும்.

அணை நீர்மட்டமும் தினமும் பேப்பரில் வருகிறது. முல்லைப்பெரியாறில் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி என்று 2 வரிதான் இருக்கும். 2014-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு அனுமதித்த அளவு 142 அடி. வைகைக்கு 71 அடி. கம்பம் விவசாயிகள் காலையில் முதலில் பார்க்கும் வரி இதுதான். உடைந்த அணைக்கு யாரும் நீர்மட்டம் போட மாட்டார்கள். அடுத்த முறை "அணை உடைஞ்சிருச்சாம்" என்று யாராவது போனை நீட்டினால், "இன்னைக்கு எத்தனை அடிண்ணே?" என்று திருப்பிக் கேளுங்கள்.